தேத்தாங்கொட்டை முதல் சிவப்புப் பம்பு வரை

நான் சிறுவனாக இருந்தபோது திருநாவலூரில் கோடையில் குடிதண்ணீர் என்றால் கெடிலத்து மணலில் தோண்டிய ஊற்று. மற்ற நாளில் தெருக்கிணறு. ஐப்பசி மழைக்குப் பிறகு குளமும் சேர்ந்துகொள்ளும். குளத்துத் தண்ணீர் கலங்கலாக இருக்கும். அம்மா ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்துப் பானையின் உள்பக்கத்தில் சொரசொரப்பான இடமாகப் பார்த்து நன்றாக உரைத்துவிட்டு, அதில் தண்ணீரை ஊற்றி மூடி வைப்பார். விடியும்போது வண்டல் அடியில் படிந்திருக்கும். மேல்தண்ணீரை அலுங்காமல் சாய்த்து எடுப்பார். கிணறு வெட்டினால் அடியில் நெல்லிக்கட்டை போடுவதும் வழக்கம். உப்பும் துவர்ப்பும் குறைந்து தண்ணீர் தித்திக்கும் என்பார்கள்.

தெளிந்திருக்கிறதா, நாக்குக்கு நன்றாக இருக்கிறதா: தண்ணீரைப் பற்றி நம் முன்னோர் கேட்ட கேள்விகள் இந்த இரண்டும்தான். கண்ணையும் நாக்கையும் நம்பி நூற்றாண்டுகள் ஓடின. அது போதாது என்று வாந்திபேதியும் நரம்புச் சிலந்திப் புழுவும் காட்டின. 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவுக்கு வந்து, ஊரே குடித்துக் குளித்த ஒரு குளத்தில் காலராக் கிருமியைக் கண்டுபிடித்தார். அன்று மூன்றாவது கேள்வி பிறந்தது. கிருமி இருக்கிறதா?

அந்த மூன்றாவது கேள்விக்குப் பதிலாகத்தான் அடிபம்பு வந்தது. எங்கள் ஒன்றியத்தில் அடிபம்பு பழுது பார்த்தே பிழைத்தவன் நான். அதனால் அதன் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

1966-67 பீகார் வறட்சிக்குப் பிறகு யூனிசெஃப் நிறுவனம் பாறையைக் குடையும் ரிக் வண்டிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. தக்காணத்துக் கடினப் பாறையில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். ஆனால் அதன்மேல் வைத்த வார்ப்பிரும்பு பம்புகள் ஒரு வீட்டுக்காகச் செய்யப்பட்டவை. ஊரே அடித்தால் தாங்காது. எழுபதுகளின் நடுவில் நாட்டில் பெரும்பாலான கைப்பம்புகள் ஓடாமல் நின்றன. அப்போது மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பம்பை அடிப்படையாக வைத்துப் புதிய பம்பை உருவாக்கினார்கள். அதுதான் இந்தியா மார்க் 2. 1977-78 வாக்கில் மெட்ராஸில் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் தொழிற்சாலை அதைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. பிறகு கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டுச் சோதித்து, பழுது பார்க்க இன்னும் எளிதான மார்க் 3 வந்தது. இன்று ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் பெண்கள் அடிக்கும் பம்பு நம் மெட்ராஸில் பிறந்தது என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

மார்க் 2-வைக் கழற்றுவது ஒரு ஆள் வேலை கிடையாது. மேல்மூடியைத் திறந்து சங்கிலி போல்ட்டைத் தளர்த்திக் கைப்பிடியை விடுவித்தால் உள்ளே இரும்பு ராடு தெரியும். அதற்குக் கீழே பத்தடி பத்தடியாக ஜிஐ பைப். கிளாம்ப் மாட்டி, தெருவில் இருக்கும் ஆண்களை எல்லாம் கூப்பிட்டு, ‘இழு, விடாதே’ என்று ஒவ்வொரு பைப்பாக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். பிடி நழுவினால் மொத்தமும் போருக்குள் போய்விடும். கடைசியில் வருவது சிலிண்டர். பித்தளை உறைக்குள் தோல் வாஷர் தேய்ந்து காகிதம் மாதிரி ஆகியிருக்கும். புது வாஷரை எண்ணெயில் ஊறவைத்து மாட்டி, எல்லாவற்றையும் திரும்ப இறக்கி, பம்பை அடித்தால் முதலில் வருவது துருத் தண்ணீர், கோயில் குங்குமம் கரைத்த நிறத்தில். அடிக்க அடிக்க நிறம் போகும். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு வயதான அம்மா முன்னே வந்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்துப் பார்ப்பார். “நல்லாருக்குதுப்பா” என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் குடத்தை வைப்பார்கள். ஒன்றியத்தில் நான் போன ஊரிலெல்லாம் இந்தத் தீர்ப்பு வழங்க ஒரு அம்மா இருந்தார். உப்பு, கடுப்பு, இரும்பு வாடை எல்லாவற்றையும் அந்த நாக்கு சொல்லிவிடும்.

நரம்புச் சிலந்தி நாட்டை விட்டே போனதில் இந்தப் பம்புக்குப் பங்கு உண்டு. படிக்கிணற்றில் காலை நனைத்துத் தண்ணீர் மொள்ளும் வழக்கம் ஒழிந்ததும் அந்தப் புழு பரவ வழியில்லாமல் போயிற்று. 1996-க்குப் பிறகு இந்தியாவில் ஒரு நோயாளிகூட இல்லை. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

இதே காலத்தில் வங்காளத்திலும் அடிபம்பு வந்தது. அங்கே பாறை இல்லை. கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து அரைத்துக் கொண்டுவந்த மணலும் களியும்தான் தரை முழுக்க. ரிக் வண்டியே வேண்டாம். மூங்கில் சாரம் கட்டி, ஒரு குழாயைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒருவர் உட்கார்ந்து குழாயின் வாயை உள்ளங்கையால் மூடி மூடித் திறப்பார். கீழே இருப்பவர்கள் நெம்புகோலால் குழாயை ஏற்றி இறக்குவார்கள். ஒவ்வொரு முறையும் சேறு மேலே கொப்பளித்துக் கொட்டும். ஒரே நாளில் கிணறு தயார். அதன்மேல் ‘நம்பர் 6’ என்ற சின்ன வார்ப்பிரும்பு பம்பு. 1971 போருக்குப் பிறகு பங்களாதேஷ் அரசும் யூனிசெஃப்பும் இதை ஊரெங்கும் பரப்பின. பிறகு மக்களே சொந்தக் காசில் போட்டுக்கொண்டார்கள். தொண்ணூறுகளில் அந்த நாட்டில் சுமார் 1 கோடி குழாய்க்கிணறுகள் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள். குளத்துத் தண்ணீரால் செத்துக்கொண்டிருந்த குழந்தைகள் பிழைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் நடந்த வேலை அது. அந்த எண்ணத்தில் நான் குற்றம் காணமாட்டேன். குளமும் கொன்றது என்பது உண்மை.

1983-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கே.சி. சாஹா என்ற தோல் மருத்துவரிடம் கிராமத்து நோயாளிகள் வந்தார்கள். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தது போலக் கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள். உள்ளங்கையும் பாதமும் காய்த்து, முண்டு முண்டாகத் தடித்திருந்தன. சாஹா அவர்கள் குடித்த தண்ணீரைத் தேடிப் போனார். குழாய்க்கிணற்றில் ஆர்சனிக் இருந்தது. நம் நாட்டு மருந்துக்கடைப் பேச்சில் சொன்னால் பாஷாணம். தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்று நம் சித்த மருத்துவம் பேர் சொல்லிப் பிரித்து, சுத்தி செய்யாமல் தொடாதே என்று எச்சரித்த அதே பொருள்தான். அங்கே அது குடத்தில் வந்துகொண்டிருந்தது. நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டுவதால் அளவு கூடத்தான் செய்யும். எந்த ஊர் அம்மாவின் நாக்கும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? உலக சுகாதார நிறுவனம் 1993-இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நம் இந்தியத் தர அளவும் அதுதான். ஒரு லட்சம் லிட்டர் பிடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் ஒரு கிராம் கரைந்திருப்பதற்குச் சமம். அந்த வரம்புக்கு மேல் ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதலில் தோல், பிறகு நுரையீரல், சிறுநீர்ப்பை என்று புற்றுநோய் வரலாம். உடம்பு பல ஆண்டுகள் ஒன்றும் காட்டாது. காட்டும்போது மக்கள் அதைக் குஷ்டம் என்று நினைத்தார்கள். கட்டிக்கொடுத்த பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள், பிள்ளைகளைப் பள்ளியில் ஒதுக்கினார்கள். நோயைவிட இதைப் படிக்கத்தான் எனக்கு மனம் தாங்கவில்லை.

யாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி 1988-இலிருந்து மாவட்டம் மாவட்டமாகத் தண்ணீரைச் சோதித்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் அவர் பேச்சை அதிகாரத்தில் இருந்தவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1995-இல் கல்கத்தாவில் உலக மாநாடு கூட்டினார். 2018-இல் மறையும்வரை அதே வேலைதான். 1993-இல் பங்களாதேஷின் சாப்பாய் நவாப்கஞ்சிலும் ஆர்சனிக் உறுதியானது. 2000-இல் ஆலன் ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளும் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் எழுதிய கட்டுரை, வரலாற்றிலேயே ஒரு மக்கள்தொகை மொத்தமாக நஞ்சுண்ட நிகழ்வுகளில் இதுவே பெரியது என்றது. மூன்றரைக் கோடியிலிருந்து ஏழு கோடியே எழுபது லட்சம் பேர்வரை ஆபத்தில் இருக்கலாம் என்று கணக்கு சொன்னது.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை நான் மறக்க விரும்பவில்லை. 1992-இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் பங்களாதேஷில் குழாய்க்கிணற்றுத் தண்ணீரைச் சோதித்தார்கள். பல தனிமங்களுக்குப் பார்த்தார்கள். ஆர்சனிக்குக்கு மட்டும் பார்க்கவில்லை. பின்னால் நோய் கண்ட ஒரு கிராமத்தவர் லண்டனில் வழக்குப் போட்டார். 2006-இல் பிரபுக்கள் சபை, அவர்களுக்கு அப்படி ஒரு கடமை இருக்கவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் ஒரு சோதனைத் தாளில் ஒரு வரி விட்டுப்போனதற்கு எத்தனை ஊர்கள் விலை கொடுத்தன என்று எண்ணிப் பாருங்கள்.

நஞ்சு எங்கிருந்து வந்தது? ஆலைக்கழிவு எதுவும் காரணம் இல்லை. இமயமலையிலிருந்து வந்த மணல்துகள்களின்மேல் இரும்புத் துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. ஆர்சனிக் அந்தத் துருவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்ணுக்கடியில் புதைந்த இலைதழையைத் தின்னும் நுண்ணுயிர்கள் அங்கிருந்த ஆக்சிஜன் முழுவதையும் தீர்த்துவிட்டு, பிறகு துருவைக் கரைக்கின்றன. துரு கரைந்தால் ஆர்சனிக்கும் தண்ணீரில் விடுபட்டுவிடும். திறந்த கிணற்றில் காற்று படுவதால் அங்கே பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. 150 மீட்டருக்குக் கீழே போனாலும் பெரும்பாலும் இல்லை. இடையில் இருக்கும் ஆழத்தில்தான், கையால் இறக்கிய அந்தக் குழாய்கள் எல்லாம் முடிந்தன.

பிறகு பங்களாதேஷில் கிணறு கிணறாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 50 லட்சம் கிணறு பார்த்ததில் 14 லட்சம் பம்புகளுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள், குடிக்காதே என்று. மற்றவற்றுக்குப் பச்சை. ஒரு வீட்டுப் பம்பு சிவப்பு, பக்கத்து வீட்டுப் பம்பு பச்சை. பம்பு வேலை தெரிந்தவனாகச் சொல்கிறேன், இதுதான் எனக்குப் பெரிய பாடமாகப் பட்டது. ஒரு போரின் தண்ணீரைப் பார்த்து அடுத்த போரைப் பற்றிச் சொல்லவே முடியாது.

அந்தச் சோதனையை ஒரு பயிற்சி முகாமில் நானே கண்ணால் பார்த்தேன். ஒரு சின்னக் குப்பியில் ஆர்சனிக் கலந்த தண்ணீரை ஊற்றி, அமிலப் பொடியும் துத்தநாகப் பொடியும் போட்டார்கள். நுரைத்துக்கொண்டு வாயு கிளம்பியது. குப்பியின் மூடியில் ஒரு வெள்ளைத் தாள் துண்டு, பாதரச உப்பு தோய்த்தது. சற்று நேரத்தில் தாளின் நடுவில் எலுமிச்சை மஞ்சள் எட்டிப் பார்த்தது. பிறகு கறுத்துப் பழுப்பானது. நிறத்தை ஒரு அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேக்ஸ் குட்ஸைட் என்ற ஜெர்மன் வேதியியலாளர் வகுத்த முறை இது. அதாவது வங்காளத்தில் முதல் பம்பு இறங்குவதற்கு முன்பே, தண்ணீரில் இந்த நஞ்சு இருக்கிறதா என்று கேட்பதற்கான கருவி மனிதர் கையில் இருந்தது.

நம் ஊருக்கு வருகிறேன். எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலையும் அதைச் சுற்றிய கடினப் பாறையும். கிழக்கே நெய்வேலி, கடலூர்ப் பக்கம் மணற்கல் படிவம். வங்காளத்துச் சேறு இங்கே கிடையாது. அந்த நஞ்சு நம் மாவட்டத்தில் பரவலாக வராததற்குக் காரணம் பாறைதான். நம் சாமர்த்தியம் அதில் ஒன்றும் இல்லை. பாறை இருந்துவிட்டாலே கவலை இல்லை என்றும் சொல்ல முடியாது. கர்நாடகத்தின் யாத்கிர் மாவட்டத்தில் கிரதள்ளி தாண்டா என்ற லம்பாடிக் குடியிருப்பு பாறை நாட்டில், பழைய தங்கச் சுரங்கத்துக்கு அருகில் இருக்கிறது. அங்கே போர்த் தண்ணீரில் ஆர்சனிக் வந்து மக்கள் கையும் காலும் காய்த்தன. தங்கம் இருக்கும் பாறையில் ஆர்சனிக்கும் சேர்ந்திருப்பது உண்டு.

நம் பாறையின் சொந்த நஞ்சு ஃபுளோரைடு. அதன் வரலாறும் பழைய மெட்ராஸ் மாகாணத்தில்தான் தொடங்குகிறது. 1937-இல் ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி மூவரும் நெல்லூர் மாவட்டத்தில் முதுகு வளைந்து மூட்டு இறுகிய மக்களைப் பார்த்து, காரணம் கிணற்றுத் தண்ணீரின் ஃபுளோரைடு என்று எழுதினார்கள். இந்தியாவில் அதைச் சொன்ன முதல் கட்டுரைகளில் ஒன்று அது. அதே நஞ்சுக்காகத்தான் 2013-இல் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. கண்டுபிடித்ததற்கும் தண்ணீர் வந்ததற்கும் இடையில் எழுபத்தாறு வருஷம்.

வங்காளத்து நோய்க்கு மருந்து தேடியவர்களில் நம் சென்னைக்காரர்களும் உண்டு. ஐஐடி மெட்ராஸில் டி. பிரதீப் குழுவினர் ‘அம்ரித்’ என்ற வடிகட்டியை உருவாக்கினார்கள். அதன் உள்ளே இருப்பது இரும்புத் துருவின் உறவுக்காரப் பொருள்தான், மிக நுண்ணிய துகளாக. மண்ணுக்கடியில் துரு கைவிட்ட ஆர்சனிக்கை, வடிகட்டியில் துருவே திரும்பப் பிடித்துவைக்கிறது. அதற்கு முன்பு பங்களாதேஷின் குஷ்டியா மாவட்டத்தில் பிறந்த அபுல் ஹுசாம் இரும்புச் சீவல், மணல், கரி வைத்து ‘சோனோ’ வடிகட்டி செய்தார். 2007-இல் பத்து லட்சம் டாலர் கிரேஞ்சர் பரிசு அதற்குக் கிடைத்தது.

தண்ணீரோடு முடியவில்லை, சோறும் இருக்கிறது. நெல் தண்ணீர் நின்ற வயலில் வளர்வதால், மற்ற தானியங்களைவிட ஆர்சனிக்கை அதிகமாக உறிஞ்சும். குழாய்க்கிணற்றால் பாசனம் செய்த வங்காளத்துக் கோடை நெல்லில் அது சேர்ந்தது. எந்த நாட்டு அரிசியிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதனால்தான் 2014-இல் உலக உணவுத் தரக் குழு, தீட்டிய அரிசிக்குக் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 2006-இல் கல்கத்தா ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைச் சோதித்தார்கள். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, ஒரு பங்குக்கு ஆறு பங்கு நல்ல தண்ணீர் வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்தால் அரிசியில் இருந்த ஆர்சனிக்கில் 57 சதவீதம்வரை போய்விடுகிறது. கழுவாமல் தண்ணீரைச் சுண்டவிட்டுச் சமைத்தால் அப்படியே தங்கிவிடுகிறது.

வேறு என்ன, நம் பாட்டிமார் உலை வைத்துக் களைந்து வடித்த சோறுதான் இது. குக்கர் வந்து இரண்டு தலைமுறையில் வடிதட்டும் கஞ்சிச் சட்டியும் பரணுக்குப் போய்விட்டன. வடிப்பதில் இழப்பும் உண்டு. குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில் எய்க்ராய்டு குழுவினர் அன்றைக்கே சொன்னார்கள், கழுவியும் வடித்தும் பி1 வைட்டமின் போகிறது, புழுங்கலரிசியில் அது கொஞ்சம் காப்பாற்றப்படுகிறது என்று. என் முடிவு இது: புழுங்கலரிசி வாங்குங்கள், நன்றாகக் களையுங்கள், நிறையத் தண்ணீரில் வடியுங்கள், குறைந்த வைட்டமினைப் பருப்பிலும் கீரையிலும் ஈடுகட்டுங்கள். கைக்குழந்தைக்குத் தினமும் அரிசிக்கஞ்சி மட்டும் கொடுக்காமல் கேழ்வரகும் மாற்றிக் கொடுங்கள். தண்ணீரிலேயே ஆர்சனிக் இருக்கும் ஊருக்கு இது எதுவும் உதவாது. கெட்ட தண்ணீரில் வேகவைத்தால் சோறு இன்னும் நஞ்சேறும். அங்கே முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும்.

இப்போது எங்கள் ஒன்றியத்தில் அடிபம்பு குறைந்துவிட்டது. வீட்டுக்கு வீடு குழாய். ஆனால் குழாயின் மறுமுனையில் இருப்பதும் ஏதோ ஒரு போர்தான். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க இன்னும் ஆழமாகக் குடைகிறோம். முன்பு யாரும் குடிக்காத தண்ணீரை முதல்முறையாகக் குடிக்கிறோம். தோட்டத்துப் போரைக் குடிநீராக வைத்திருக்கும் வீடுகளும் எங்கள் பக்கத்தில் ஏராளம். உங்கள் ஊரில் புதுப் போர் போட்டால், தண்ணீர் வந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். மாவட்டத்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீரைக் கொண்டுபோங்கள். உப்பு, கடினத்தன்மை, கிருமி என்று பார்க்கும்போது ஃபுளோரைடும் ஆர்சனிக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காத பொருளைச் சோதனைத் தாள் சொல்லாது. வந்த முடிவைக் கிராம சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கச் சொல்லுங்கள்.